இதயத்துக்கு வெளியே ஒரு புள்ளி

எங்கள் பிரிவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் கறார். ஒருநாள் நான் வாய் தவறி இரண்டையும் சேர்த்துக் ‘கறார் அக்கா’ என்று சொல்லிவிட்டேன். திரும்பிப் பார்த்தவர், “நல்லாத்தான் இருக்கு, அப்படியே வச்சுக்க” என்றார். அதுவே நிலைத்துவிட்டது.

ஆஸ்பத்திரியின் தரைத்தளத்துக்கும் கீழே, ஜன்னல் இல்லாத நான்கு அறைகள்தான் எங்கள் பிரிவு. கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி, அது உடம்புக்குள் எங்கே போய்த் தங்குகிறது என்று கேமராவில் பார்ப்பது அங்கே நடக்கும் வேலை. பெரிய டாக்டர் படத்தைப் பார்த்து அறிக்கை சொல்வார். நான் அதைத் தட்டச்சு செய்கிறவன். மருந்து கலப்பது, ஊசி போடுவது, கேமராவை ஓட்டுவது எல்லாம் அக்கா. பதினேழு வருட அனுபவம்.

காலையில் முதல் வேலை மாடு கறப்பது. ஈயக் கவசத்துக்குள் இருக்கும் ஜெனரேட்டரைத்தான் நாங்கள் மாடு என்போம். அதிலிருந்து கதிரியக்கத் திரவத்தை இழுத்து, வெள்ளைப் பொடி இருக்கும் குப்பியில் விட்டு, பத்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிட வேண்டும். பிறகு காகிதப் பட்டையில் ஒரு சொட்டு வைத்து, சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறாவது சேர்ந்திருந்தால்தான் ஊசியில் ஏற்றலாம். ஒருநாள் எண்பத்தெட்டுதான் வந்தது. வெளியே ஒன்பது பேர் வெறும் வயிற்றோடு காத்திருந்தார்கள்.

“ரெண்டு பாயிண்ட்தானேம்மா” என்றார் பெரிய டாக்டர்.

“அப்ப ரெண்டு பாயிண்ட் கூட வந்ததும் போட்டுக்கலாம் சார்” என்று சொல்லிவிட்டு, குப்பியை ஈயத் தொட்டியில் போட்டுவிட்டுப் புதுக் குப்பியை எடுத்தார் அக்கா. வெளியே இருந்த ஒன்பது பேரிடமும் தானே போய்க் காரணம் சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டார்.

அவர் இந்த வேலைக்குச் சேர்ந்தபோதே வீட்டில் ஒரு யுத்தம் நடந்திருக்கிறது. “கதிர்வீச்சுல வேலை பாக்குற பொண்ணை எவன்டி கட்டிப்பான்?” என்று கேட்டாராம் தாய்மாமா. “கதிர்வீச்சுன்னா என்னன்னு படிச்சவன் கட்டிப்பான் மாமா” என்றாராம் அக்கா. கட்டிக்கொண்டவர் அதைப் படித்தவர் இல்லை, ஃப்ரிட்ஜ் மெக்கானிக். மருந்து அறையின் ஃப்ரிட்ஜைப் பழுதுபார்க்க வந்த இடத்தில் பழக்கம். இரண்டு பிள்ளைகள். கர்ப்பமாக இருந்த மாதங்களில் மருந்து அறைப் பக்கம் போகாமல் இருக்க விதி உண்டு. ஆள் பற்றாக்குறை என்று மேலிடம் இழுத்தடித்தபோது, அந்த விதியின் நகலை மேலாளர் மேசையில் வைத்துவிட்டு அக்கா நேராக முன்பதிவு கவுண்ட்டரில் போய் உட்கார்ந்துகொண்டார். விதி என்றால் தனக்கும் விதி, அடுத்தவருக்கும் விதி. அப்படிப்பட்டவர் ஒரு விதியை மீறிய கதைதான் இது.

அன்று வந்தவர் ஒரு பஸ் டிரைவர். ஐம்பதை நெருங்கும் பெண்மணி, கட்டையான உடம்பு, கணீர்க் குரல். வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போது நெஞ்சை இறுக்கியதாம். உடனே வண்டியிலிருந்து இறக்கி டெப்போவில் உட்காரவைத்துவிட்டார்கள். இதயப் படம் சரியாக இருந்தால்தான் ஸ்டீயரிங்கைத் தொடலாம்.

“இருபத்திரண்டு வருஷமா ஓட்டுறேன். ஒரு நாய் மேல கூட ஏத்தினதில்ல. என்னைப் போய் பெஞ்சுல உட்காருன்னு சொன்னா?” என்று வந்ததிலிருந்து பொரிந்து தள்ளினார்.

“நான் படம் எடுக்கிறவ. வண்டி எடுக்கிறதைப் பத்தி டாக்டர்தான் சொல்லுவார்” என்றார் அக்கா.

ட்ரெட்மில்லில் டிரைவரை ஓடவிட்டு, மூச்சு வாங்கும் நேரம் பார்த்து வலது கையில் ஊசி போட்டாயிற்று. இந்த மருந்து உடம்பில் எங்கே ஓயாமல் வேலை நடக்கிறதோ அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். இதயத் தசையைவிட ஓயாமல் உழைப்பது வேறென்ன? அதனால்தான் இதயத்துக்கு இந்த மருந்து. புற்றுநோய்க் கட்டிக்குள்ளும் அதே மாதிரி ஓயாத வேலை நடப்பதால், மார்பகத்தைப் பார்க்கவும் இதையேதான் போடுவோம். ஒரே குப்பி, இரண்டு கேமரா.

ஒரு மணி நேரம் கழித்து டிரைவரை மேசையில் படுக்கவைத்தார் அக்கா. “இடது கையைத் தலைக்கு மேல வச்சுக்கோங்க. பதினஞ்சு நிமிஷம் அசையக் கூடாது.”

“சிக்னல்ல நிக்கிற மாதிரியா?”

“அதேதான். பின்னாடி நின்னு ஹாரன் அடிக்க ஆள் இருக்காது.”

கேமரா நெஞ்சைச் சுற்றி வந்து துண்டு துண்டாகப் படம் எடுக்கும். கணினி அதிலிருந்து இதயத்தை மட்டும் வெட்டியெடுத்து டாக்டருக்குத் தரும். அதற்கு முன் அத்தனை துண்டுகளையும் சினிமாவைப் போல ஓட்டிப் பார்ப்பது அக்காவின் வழக்கம். நோயாளி அசைந்தாரா என்று தெரிந்துகொள்ளத்தான். அன்றும் ஓட்டினார். இதயம் பளிச்சென்று தெரிந்தது. அதைவிட்டுத் தள்ளி, இடது மார்பகத்தின் மேல்பக்கத்தில், மிளகு போல ஒரு புள்ளி. கேமரா எந்தப் பக்கம் போனாலும் அது இடத்தை விட்டு நகரவில்லை.

முதலில் அவரும் நம்பவில்லை. ஒரு சொட்டு மருந்து அங்கியில் தெறித்திருந்தாலும் இப்படித் தெரியும். டிரைவருக்குப் புது அங்கி கொடுத்து, தோலை ஈரத் துணியால் துடைக்கச் சொல்லி, கழற்றிய அங்கியைக் கதிர்மானி வைத்துச் சோதித்தார். அதில் ஒன்றுமில்லை.

“ஏன் மறுபடியும்?” என்றார் டிரைவர்.

“ஒரு இடத்துல எனக்குத் திருப்தி இல்ல. பக்கவாட்டுல ஒண்ணு எடுத்துக்கறேன்.”

எடுத்தார். புள்ளி அங்கேயே இருந்தது. படத்தோடு டாக்டருக்குப் போகும் குறிப்புத் தாளில் அதை எழுதிவைத்தார்.

மாலையில் பெரிய டாக்டர் அறிக்கை சொல்லச் சொல்ல நான் தட்டிக்கொண்டிருந்தேன். இதயத்தில் இரத்த ஓட்டம் இயல்பு, அடைப்புக்கான அறிகுறி இல்லை. முற்றுப்புள்ளி வைக்கப் போகும் நேரத்தில் அக்கா உள்ளே வந்தார்.

“சார், மூலப் படத்தை ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. இடது பக்கம் மேல ஒண்ணு இருக்கு.”

அவர் ஓட்டினார். பார்த்தார். “அங்கியில சிந்தியிருக்கும்.”

“அங்கி மாத்திட்டுத்தான் ரெண்டாவது எடுத்தேன்.”

“ஊசி போட்ட நரம்புல தேங்கியிருக்கும்.”

“ஊசி வலது கையில சார்.”

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் கெட்டவர் இல்லை. “இங்க பாரும்மா. போன வருஷம் இப்படித்தான் ஒரு புள்ளின்னு எழுதினேன். அந்தம்மா மூணு மாசம் சோறு தண்ணி இறங்காம கெடந்தாங்க. கடைசியில சாதாரணக் கட்டி. நம்மைக் கேட்டது இதயத்தைப் பத்தி. நாம இதயத்தைப் பத்திச் சொல்லுவோம். உன் குறிப்புத் தாளை எடுத்துட்டு வேற எழுதிக் கொடு.”

“மாட்டேன் சார்.”

என் பத்து விரலும் விசைப்பலகை மேல் அப்படியே நின்றன.

“உன் வேலை படம் எடுக்கிறது.”

“எடுத்துட்டேன். படத்துல அது இருக்கு. ஒண்ணுமில்லன்னு உங்களுக்குத் தோணுனா, பார்த்தேன், ஒண்ணுமில்லன்னு உங்க கையெழுத்துல எழுதுங்க. பார்க்காத மாதிரி மட்டும் விடாதீங்க. நான் பார்த்துட்டேன், நீங்களும் பார்த்துட்டீங்க, இதோ தம்பியும் பார்த்துட்டான்.”

என்னை ஏன் இழுத்தார் என்று நினைத்துக்கொண்டே திரைக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டேன். பெரிய டாக்டர் சுவரைப் பார்த்தபடி கடைசியாக ஒரு வரி சொன்னார். “இடது மார்பகத்தில் சிறிய ஒளிர்வு, தேவையெனில் மேற்கொண்டு ஆராயவும்.” நான் தட்டினேன்.

மறுநாள் அக்காவுக்கு மெமோ வந்தது. மேலதிகாரியிடம் மரியாதைக்குறைவு. விசாரணை முடியும் வரை முன்பதிவு கவுண்ட்டரில் இருக்க வேண்டும். கேமராவுக்கு வேறு பிரிவிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பினார்கள்.

கவுண்ட்டரில் ஒரு வசதி உண்டு. யார் எந்தப் பரிசோதனைக்குப் பதிந்திருக்கிறார்கள் என்று கணினியில் தெரியும். அக்கா தினமும் தேடினார். டிரைவர் பெயரில் எந்தப் பதிவும் இல்லை. டிரைவரைப் படம் எடுக்க அனுப்பிய டெப்போ டாக்டரின் அலுவலகத்துக்குப் போன் செய்தார். “அறிக்கை வந்துருச்சும்மா, ஃபைல்ல இருக்கு” என்றது ஒரு குரல். மறுவாரமும் அதே பதில். மூன்றாவது முறை பேச்சை முடிக்கும் முன்பே வைத்துவிட்டார்கள்.

படத்தில் கண்டதை நோயாளியிடம் நாங்கள் பேசக் கூடாது. அது டாக்டரின் வேலை. அந்த விதி எங்கள் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது, ஒட்டியதே அக்காதான். அன்று மதியம் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, டிரைவர் ஓட்டும் பஸ்ஸைத் தேடிப் பிடித்து ஏறினார். அங்கே நடந்ததை டிரைவரே பின்னால் எனக்கு இரண்டு குரலிலும் நடித்துக் காட்டியிருக்கிறார்.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகும் ஒருத்தி மட்டும் நின்றுகொண்டிருந்தாளாம்.

“கடைசி ஸ்டாப்மா, இறங்கு.”

“உங்களைப் பார்க்கத்தான் வந்தேன். அறிக்கையில கடைசி வரியைப் படிச்சீங்களா?”

“முதல் வரியிலயே இயல்புன்னு போட்டிருக்கு. டெப்போ டாக்டர் கையெழுத்தும் போட்டுட்டார். இப்ப திரும்பவும் என்னை பெஞ்சுல உட்காரவைக்க வந்தியா?”

“உங்க இதயம் நல்லாருக்கு, தாராளமா ஓட்டுங்க. இடது மார்புல ஒரு புள்ளி தெரியுது. அது என்னன்னு எனக்குத் தெரியாது. மார்பகத்துக்குன்னு தனியா ஒரு டாக்டரைப் பாருங்க. இதை உங்ககிட்ட சொல்ல எனக்கு அனுமதி கிடையாது.”

“பின்ன எதுக்குச் சொல்ற?”

“வேற யாரும் சொல்லல.”

டிரைவர் அவரைத் திட்டித் தீர்த்து இறக்கிவிட்டார். இரண்டு நாள் வழக்கம்போல வண்டி ஓட்டினாராம். மூன்றாம் நாள் மார்பக டாக்டரிடம் போனார். அங்கே எடுத்த எக்ஸ்ரேயில் எல்லாம் வெள்ளையாகத்தான் தெரிந்தது. திசு அடர்த்தியாக இருக்கும் பெண்களுக்கு அப்படித்தான், வெள்ளைக்குள் வெள்ளை. “ஒண்ணும் தெரியல, நீங்க போகலாம்” என்றிருக்கிறார்கள்.

“தெரியலன்னா இல்லன்னு அர்த்தமா, பார்க்க முடியலன்னு அர்த்தமா?” என்று கேட்டுவிட்டு நாற்காலியை விட்டு எழவில்லை டிரைவர். எக்ஸ்ரே அறை ஆள் மார்பக டாக்டரையே கூட்டிவந்துவிட்டார். அவர் எங்கள் அறிக்கையின் கடைசி வரியை வாங்கிப் படித்தார். அதே மருந்தை ஊசி போட்டு, மார்பகக் கேமராவில் பார்க்கச் சொல்லி எங்கள் பிரிவுக்கே அனுப்பினார்.

வந்த இடத்தில் அடுத்த ரகளை. புதிதாக வந்திருந்த பெண்ணைப் பார்த்ததும் டிரைவர் கையைக் கட்டிக்கொண்டார். “அந்தப் புள்ளியை முதல்ல பார்த்தவங்க எங்க? அவங்க வந்து எடுக்கட்டும்.”

“அவங்க இப்ப கவுண்ட்டர்ல இருக்காங்க.”

“கவுண்ட்டர் பத்தடி தூரம்தானே? நான் வேணும்னா போய்க் கூட்டிட்டு வரவா?”

மேலாளர் வந்தார், கெஞ்சிப் பார்த்தார், ஆணையிட்டுப் பார்த்தார். பெரிய டாக்டரே தன் அறைக் கதவைத் திறந்து, “கூப்பிடுங்க அவளை” என்றார். அக்கா வந்தார், கையுறை மாட்டினார், ஊசி போட்டார். இரண்டு பேரும் பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. புள்ளி அதே இடத்தில், இன்னும் தெளிவாக இருந்தது.

திசுவை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் என்று உறுதியானது. எட்டு மில்லிமீட்டர். அக்குள் பக்கம் பரவவில்லை. “கையில தட்டுப்படுற அளவுக்கு வளர்ந்து வந்திருந்தா நம்ம பேச்சே வேற” என்று டிரைவரிடம் சொன்னாராம் அறுவை டாக்டர். கட்டியை மட்டும் எடுத்தார்கள். பிறகு சில வாரம் கதிர் சிகிச்சை. ஐந்தாம் மாதம் டிரைவர் மீண்டும் வண்டி எடுத்தார். அப்போதும் பெஞ்சில் உட்காரச் சொன்னார்களாம். எதிர்த்துப் பேசி, மனு போட்டு, டெப்போ மேலாளரைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஊரை ஒரு சுற்று சுற்றிக் காட்டியிருக்கிறார்.

அக்காவின் விசாரணையும் நடந்தது. மூன்று பேர், நீள மேசை. பஸ் நிறுத்தத்து விவகாரமும் அதற்குள் சேர்ந்திருந்தது, மறைக்காமல் எழுதிக் கொடுத்ததே அவர்தான். “நல்லபடியா முடிஞ்சதால நாங்க பெரிசுபடுத்தல. இனிமே இப்படிச் செய்ய மாட்டேன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்துடுங்க” என்றார்கள்.

அக்கா பேனாவை வாங்கி எழுதினார். அறிக்கையில் உள்ளது நோயாளியைப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்க இந்த ஆஸ்பத்திரி ஓர் ஆளை நியமிக்கும் வரை, நான் போய்ச் சொல்வேன்.

அவரை மறுபடி கேமராவுக்கு அனுப்பினார்கள். ஆனால் எச்சரிக்கை ஒன்றைப் பணிப்பதிவில் ஏற்றிவிட்டார்கள். பெரிய டாக்டர் அந்தப் புள்ளியைப் பற்றி இன்றுவரை வாய் திறக்கவில்லை. இப்போதெல்லாம் அறிக்கை சொல்லும்போது ‘இதயத்துக்கு வெளியே’ என்று தனித் தலைப்புப் போடச் சொல்கிறார், ஒன்றுமே இல்லாவிட்டாலும்.

“விட்டுத் தொலையேன், யாரு உன் பதிவேட்டைப் புரட்டப் போறா?” என்றாராம் வீட்டுக்காரர். அக்கா விடவில்லை. எச்சரிக்கையை நீக்கச் சொல்லி மேல்முறையீடு செய்தார், தள்ளுபடி ஆனது. இன்னொன்று போட்டார், அதுவும் தள்ளுபடி. மூன்றாவதை நேற்று மதியம் நான்தான் தட்டச்சு செய்து கொடுத்தேன். பழக்க தோஷத்தில் கடைசியில் ‘தங்கள் பணிவுள்ள’ என்று தட்டிவிட்டேன்.

“அதை எடு” என்றார் பக்கத்தில் நின்ற அக்கா.

எடுத்தேன். அவர் கையெழுத்துப் போட்டு, மடித்து உறையில் வைத்து, தானே மாடிக்குக் கொண்டுபோனார்.