மாடியில் அலறிய கொடி

பழனிசெட்டிபட்டியில் லைனிங் துணியும் பட்டனும் விற்கிற சின்னக் கடை அனுசுயாவுடையது. கடைக்குப் பின்னால் அவள் வீடு, மேலே வாடகைக்கு விடும் மாடி. எந்த மூட்டையைக் கண்டாலும் குனிந்து முகர்ந்து பார்க்கிற பழக்கம் அவளுக்குக் கர்ணனால் வந்தது.

கர்ணன் மாடியில் குடியிருந்தவன். ஏலக்காய் வியாபாரம் என்றான். மூட்டைகள் ஏறி இறங்கின, படிக்கட்டெல்லாம் மணத்தது. ஒருநாள் போலீஸ் வந்து மூட்டைகளைக் கவிழ்த்தபோது மேலே ஏலக்காய், அடியில் கஞ்சா. வீட்டுக்காரி என்பதால் அனுசுயாவையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். பொழுது சாயும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். "ஒன் வீட்ல, ஒனக்குத் தெரியாமலா?" என்று வருகிறவர் போகிறவரெல்லாம் கேட்டார்கள். தெரியாது என்று சொல்ல வாயெடுத்தால் தொண்டையில் காற்றுதான் வந்தது. அவள் மேல் தப்பில்லை என்று கடைசியில் அனுப்பிவிட்டார்கள். தெரு அவளை அப்படி விட்டுவிடவில்லை.

ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த மாடிக்கு சானியா வந்தாள். உத்தமபாளையத்துப் பெண், சவுண்ட் இன்ஜினியரிங் படித்தவள். கம்ப்யூட்டர் கேம்களுக்கு வீட்டிலிருந்தே சத்தம் தயாரித்து அனுப்புவதாகச் சொன்னாள்.

"சத்தத்துக்கா சம்பளம் குடுக்குறாக?" என்றாள் அனுசுயா.

"ஆமாம்மா. எங்க வீட்ல கூட்டம் ஜாஸ்தி. மைக்கைப் போட்டா பாத்திரம் உருளுற சத்தம்தான் பதியுது. அதான் தனி வீடு பாத்தேன்."

ஏலக்காய் என்று சொன்னவன்கூட இதைவிட நம்புகிற மாதிரிச் சொன்னான் என்று அனுசுயாவுக்குத் தோன்றியது. ஆனாலும் பெண்ணின் வாப்பா நேரில் வந்து பேசினார், மரியாதையான மனிதர். சாவியைக் கொடுத்தாள்.

வந்த வாரமே சானியா ஜன்னல்களில் மெத்தையை வைத்து அடைத்தாள். அடுத்து மூட்டைகள் வர ஆரம்பித்தன. படிக்கட்டில் பச்சை வாசம். மத்தியானத்தில் மேலேயிருந்து எதையோ நார் நாராகக் கிழிக்கிற சத்தமும், ஈரமாக எதுவோ தரையில் இழுபடுகிற சத்தமும் கேட்டன. அனுசுயா ஏறிப்போய்க் கதவைத் தட்டினாள். பாதிதான் திறந்தது.

"மூட்டையில என்னத்தா?"

"வாழைத்தண்டும்மா."

"கூட்டு வைக்க ஒரு மூட்டையா?"

"இல்லம்மா, கிழிக்கிறதுக்கு."

அந்தப் பதில் அவளுடைய தூக்கத்தைக் கெடுத்தது. சானியா வெளியே வைத்த குப்பைப் பையைப் பிரித்துப் பார்த்தாள். நசுங்கிய தண்டு, திராட்சைக் கொடி, பேர் தெரியாத இலை. ஒரு பிடி அள்ளி எதிர்வீட்டு வைகுண்டராஜிடம் நீட்டினாள். அவர் மூக்கருகே வைத்து யோசித்தார்.

"கஞ்சா மாதிரி இல்ல. ஆனா இல்லவே இல்லைன்னும் நான் சொல்ல மாட்டேன்."

ஒரு மத்தியானம் சானியா கதவைச் சும்மா சாத்திவிட்டுத் தண்ணீர் கேன் எடுக்கக் கீழே போனாள். அனுசுயா உள்ளே நுழைந்துவிட்டாள். போர்வைகள் தொங்கி அறை மங்கலாக இருந்தது. நடுவில் ஒரு பேசின், அதில் கிழிந்த தண்டுகள், அதன்மேல் குனிந்த மாதிரி ஒரு மைக். மேஜையில் கை ஊன்றியதும் இருண்டிருந்த கம்ப்யூட்டர் திரை வெளிச்சமானது.

ஆஸ்பத்திரி வராண்டா. அதன் கூரையிலிருந்து வேர்கள் தொங்கின. வேர்களுக்கு நடுவே ஒரு பெண் முகம். அது இவள் பக்கம் திரும்பியது. வாய் இதழ் இதழாக விரிந்து, உள்ளே வரிசை வரிசையாக முள். பிறகு அது பாய்ந்தது.

அனுசுயா அலறினாள். அப்படியொரு குரல் தன்னிடம் இருப்பது அவளுக்கே தெரியாது. சானியா கேனைப் படியிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க?"

"நீ என்னத்த வளக்குற இங்கன? அதைச் சொல்லு மொதல்ல!"

"வளக்கலம்மா. இது கேம். ஆஸ்பத்திரியில ஏதோ மருந்து கசிஞ்சு, தொட்டிச் செடி ஒண்ணு வெறி பிடிச்ச மாதிரி வளந்து, கொடியாப் படந்து கட்டடத்தையே மூடிருது. கடைசியா வெளையாடுறவன் இதோட சண்டை போடணும். இது நகர்றது, கடிக்கிறது எல்லாத்துக்கும் இந்தத் தண்டைக் கிழிச்சு நான்தான் சத்தம் செய்றேன்."

அனுசுயா பாதி நம்பி இறங்கிப் போனாள்.

சில நாள் கழித்து சானியா கடைக்கு வந்து தயங்கி நின்றாள். அனுசுயா அலறிய அன்றைக்கு மைக் ஓடிக்கொண்டிருந்ததாம், அலறல் பதிந்துவிட்டதாம்.

"அழிக்கத்தான் போனேன். கேட்டுப் பாத்தா, இந்தக் கொடிக்கு நான் எங்கெங்கயோ தேடின குரல் உங்க குரல். நீங்க சரின்னாத்தான் வச்சுக்குவேன்."

"நாளைக்கு ஏதாச்சும் கேஸுன்னா, என் குரலும் அங்கன இருந்துச்சும்பாக."

"கேஸெல்லாம் ஒண்ணும் வராதும்மா."

"மொதல்ல எனக்கு அதைப் போட்டுக் காட்டு."

காதில் ஹெட்போனை மாட்டிக் கேட்டவள் முகம் மாறியது. "இது நான் இல்ல," என்றாள். ஹெட்போனைக் கழற்றாமலே, "இன்னொரு தடவை போடு," என்றாள். தான் எப்போது கேட்டாலும் மாடிக் கதவைத் திறந்து காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாள்.

கம்பெனிக்காரர்களுக்கு அந்தக் குரல் பிடித்துப்போய், கொடி சாகிற இடத்துக்கும் அதே குரல் கேட்டார்கள். அனுசுயா மைக் முன்னால் நின்றாள். இருமல்தான் வந்தது.

"வேணும்னு கத்தச் சொன்னா வரலையேத்தா."

"பயப்பட வேணாம்மா. சாகுறப்ப கொடிக்குப் பயம் இல்ல, கோவம். எல்லாரும் அதைச் சுடுறாக. அது பாட்டுக்குத் தொட்டியில இருந்த செடி. மருந்தைக் கொட்டுனது யாருன்னு ஒருத்தரும் கேக்கல."

அனுசுயா மைக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குரல் வந்தது.

"எனக்குத் தெரியாதுய்யா! தெரியாதுன்னு சொல்றேன்ல! தெரியாது!"

குரல் கம்மிப்போகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். சானியா குறுக்கிடவில்லை. எல்லாம் ஓய்ந்த பிறகு எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எதனால் என்று கேட்கவில்லை. அனுசுயாவே உட்கார்ந்து கர்ணன் கதையைச் சொன்னாள்.

அந்த வார்த்தைகளை சானியா இழுத்து இழுத்து, வார்த்தை என்றே தெரியாதபடி ஆக்கி, அடியில் வாழை நார் கிழிகிற சத்தத்தை வைத்து அனுப்பினாள்.

கேம் வெளியானதும், எந்த ஊர்க்காரனோ ஒருவன் விளையாடுகிற வீடியோவைக் காட்டினாள். கொடி முதல் தடவை அலறியதும் அவன் நாற்காலியோடு பின்னால் சரிந்தான். அனுசுயா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். ஆனால் அவன் எழுந்து துப்பாக்கியைத் தூக்கியதும், "போதும், நிப்பாட்டிரு," என்றாள்.

சானியா இன்னும் அந்த மாடியில்தான் இருக்கிறாள். இப்போது வேறு ஏதோ கேம், தண்ணீருக்குள் இருக்கிற பிராணியாம். போன வாரம் கடைக்கு வந்து, "பெரிய அண்டா ஒண்ணு கிடைக்குமாம்மா?" என்று கேட்டாள்.

பட்டன் டப்பாவை மூடி வைத்துவிட்டு அனுசுயா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"அண்டாவா? எதுக்கு?"