நான்கு அங்குலம் குறைந்த கூண்டு

என் வேலை நாற்றம் பிடித்த வேலை என்று என் நாத்தனார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். சொல்லட்டும். வெளிநாட்டுக்குக் குடிபோகிறவர்களின் நாய்களையும் பூனைகளையும் விமானத்தில் ஏற்றி அனுப்பும் அலுவலகத்தில் காகித வேலை பார்ப்பவள் நான். அந்தப் பக்கம் நாய் மூத்திரம், இந்தப் பக்கம் பினாயில், நடுவில் என் மேசை. ஒன்பது வருடமாக மதியச் சாப்பாட்டையும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுகிறேன். அந்த நாற்றம் பழகிவிட்டது. பழகாமல் இன்றும் குமட்டுவது, பிராணிகளைக் கொண்டுவந்து விடுகிறவர்களின் பேச்சுதான்.

"தூக்க மாத்திரை ஒண்ணு குடுத்து அனுப்பிடலாமே?" என்பார்கள். கூடாது, மேலே போனதும் மூச்சுக்கே ஆபத்து என்றால், "அப்ப பாதி மாத்திரை?" என்று பேரம் பேசுவார்கள். முதலில் தோலுக்கடியில் மைக்ரோசிப், அதற்குப் பிறகுதான் ரேபிஸ் ஊசி, பிறகு ரத்தப் பரிசோதனை, பிறகு மூன்று மாதம் காத்திருப்பு என்று நான் தொண்டை வறளச் சொல்லி முடிப்பேன். "தேதிய கொஞ்சம் முன்னாடி தள்ளிப் போட்டுக்கங்களேன்" என்று கண்ணடிப்பார்கள். தங்கள் பிள்ளை மாதிரி என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னவர்கள்தான் இவர்களில் பாதிப் பேர்.

அந்த இடத்தில் பார்க்கச் சகிக்கிற ஒரே மனிதர் கூண்டுக்காரர். இயந்திரங்களை அனுப்பும் மரப்பெட்டிகள் செய்துகொண்டிருந்தவர், பத்தொன்பது வருடத்துக்கு முன் எங்கள் அலுவலகத்தை ஒட்டிய பட்டறைக்கு வந்தார். ஒட்டுப்பலகையில் கூண்டு செய்வார். நான்கு பக்கமும் காற்றுத் துளை, துளைக்குத் துளை உப்புத்தாள் தேய்ப்பு. தண்ணீர்க் கிண்ணத்தில் முதல் நாளே நீரை உறையவைத்து மாட்டுவார், அப்போதுதான் ஏற்றும்போது சிந்தாமல் வழியில் மெல்ல உருகும். பெரிய நாய்க்கான கூண்டு என்றால் தானே முழங்காலை மடக்கி உள்ளே நுழைந்து, வெளியே தாழ் போடச் சொல்லிப் பத்து நிமிடம் கிடப்பார். "நாய்க்குக் கட்டுற வீட்டுல பாதி அழகா எனக்கொரு அலமாரி கட்டித் தரக்கூடாதா?" என்று அவர் மனைவி பட்டறை வாசலில் நின்று கேட்டதை நானே கேட்டிருக்கிறேன். அலமாரி இன்னும் வரவில்லை.

அளவெடுப்பதில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நாய் தனியாக நிற்கும்போது எடுத்த அளவை அவர் நம்பமாட்டார். அதற்கு மிகவும் பிடித்த ஆள் எதிரே வந்து நிற்க வேண்டும். "ஆசையா பாக்கும்போதுதான் அதோட முழு உசரம் தெரியும். காத தூக்கும், கழுத்த நீட்டும். அந்த உசரத்துக்குத்தான் கூண்டு" என்பார். விமான நிலையத்தில் நாயை உள்ளே விட்டு நிற்கச் சொல்லி, திரும்பச் சொல்லி, படுக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். காது மேல்பலகையில் பட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவர் கூண்டு ஒன்றுகூட அப்படித் திரும்பி வந்ததில்லை.

போன வருடம் ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, பத்தாவது படிக்கும் மகள், ஒரு பூனை, ஒரு நாய். நாய் எட்டு வயதுப் பழுப்புத் தடிமாடு, வீட்டில் அதைத் தடியன் என்றுதான் கூப்பிட்டார்கள். பூனை யாரையும் மதிக்காத மகாராணி. அளவெடுக்கும்போது அப்பா எதிரே நின்றார். தடியன் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தரையை முகர்ந்தான். கூண்டுக்காரர் அவரை ஒதுங்கச் சொல்லி மகளை நிறுத்தினார். காது இரண்டும் நட்டுக்கொண்டு எழுந்தன.

"இருபத்தேழு இஞ்சு" என்றார் கூண்டுக்காரர். அந்தப் பெண்ணே டேப்பைக் குனிந்து பார்த்து, "இருபத்தேழு!" என்று சிரித்தாள். தடியன் வந்தால்தான் தானும் வருவேன் என்று வீட்டில் நிபந்தனை போட்டிருக்கிறாள் என்பதை அவள் அம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

மூன்று வாரம் கூண்டுக்காரர் தினமும் சாயங்காலம் பழைய கூண்டு ஒன்றோடு அவர்கள் வீட்டுக்குப் போனார். முதலில் கூண்டுக்குள் சாப்பாடு, பிறகு ஒரு நிமிடம் கதவடைப்பு, பிறகு பத்து நிமிடம், பிறகு வண்டியில் ஏற்றி ஒரு சுற்று. ஒவ்வொரு தடவையும் வண்டிச் சாவியைக் குலுக்கிக் காட்டுவார். சுற்றி முடித்து வண்டி நின்றதும் அந்தப் பெண்தான் கதவைத் திறக்க வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. சாவிச் சத்தம் கேட்டால் கூண்டு, கூண்டுக் கதவு திறந்தால் அவள் முகம் என்று தடியனின் மண்டையில் ஏற்றிவிட்டார்.

பயணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அப்பாக்காரர் தனியாக வந்தார். இனி அந்த ஆளை அப்படித்தான் சொல்வேன், அதற்குமேல் மரியாதை வரவில்லை. முதலாளியின் அறையில் உட்கார்ந்து, என்னையும் கூண்டுக்காரரையும் கூப்பிட்டனுப்பினார்.

"அங்க வீடு பாத்தாச்சு. வீட்டுக்காரர் பூனைன்னா சரிங்கிறாரு, பெரிய நாய் கூடாதுங்கிறாரு. பொண்ணுகிட்ட சொன்னா வரமாட்டா. அதான்... கூண்டு சின்னதா இருந்தா ஏர்போர்ட்லயே திருப்பிடுவாங்களாமே? ரூல்ஸ்னு சொல்லிட்டா அவளும் என்ன பண்ணுவா?"

பேசும்போது மீசையைத் தடவிக்கொண்டார். இதில் தன் சாமர்த்தியத்தை நாங்கள் மெச்ச வேண்டும் என்று எதிர்பார்த்த மாதிரி இருந்தது. நாய் வாந்தியைத் துடைத்திருக்கிறேன், புழு வைத்த புண்ணைப் பார்த்திருக்கிறேன், அந்த மீசையைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை.

"நாய வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க சார். கூண்ட எதுக்குப் பொய் சொல்ல வைக்கிறீங்க?" என்றார் கூண்டுக்காரர்.

முதலாளி குறுக்கிட்டார். "கஸ்டமர் கேக்கறத செஞ்சு குடுக்கறதுதான் நம்ம வேலை. உங்களுக்கு முடியாதுன்னா சொல்லுங்க, பிளாஸ்டிக் கூண்டுல ரெண்டு சைஸ் கம்மியா ஒண்ணு வாங்கிடறேன்."

ரெண்டு சைஸ் குறைந்த பிளாஸ்டிக் கூண்டு என்றால் உயரம் மட்டுமல்ல, அகலமும் போச்சு. தடியன் உள்ளே திரும்பக்கூட முடியாது. "நானே செய்யறேன்" என்று சொல்லிவிட்டுக் கூண்டுக்காரர் வெளியே போனார். காதுக்கு மேல் மூன்று அங்குலம் விட்டு, முப்பது அங்குல உயரம் வர வேண்டிய கூண்டு. இருபத்தாறு என்று படிவத்தில் தட்டியது யார்? நான்தான். முதலாளி எண்ணைச் சொன்னார், என் விரல் தட்டியது. மாதச் சம்பளக்காரி என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சீ, என்ன சமாதானம் அது.

பயணத்தன்று காலை விமான நிலையச் சரக்குப் பிரிவில் எல்லோரும் நின்றோம். புதுக் கூண்டை அந்தப் பெண் அதுவரை பார்க்காதபடி அப்பாக்காரர் ஏற்பாடு செய்திருந்தார். கூண்டுக்காரர் கேட்டிருந்தபடி, தான் போட்டுக் கழற்றிய துவைக்காத சட்டை ஒன்றை அவள் கொண்டுவந்து கூண்டுக்குள் விரித்தாள். பூனைக்கூண்டு முதலில் மேசைக்குப் போனது. மகாராணி எழுந்து, திரும்பி, படுத்து, கொட்டாவி விட்டாள். முத்திரை விழுந்தது.

கூண்டுக்காரர் சாவியைக் குலுக்கினார். தடியன் வாலை ஆட்டிக்கொண்டு தானே உள்ளே போனான். திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தான், காதைத் தூக்கினான். காது இரண்டும் மேல்பலகையில் இடித்து மடங்கின. தன்மேல்தான் தப்பு என்பதுபோல் கழுத்தை மடக்கிக் குனிந்து நின்றான்.

"இது போகாது. ஒசரம் பத்தல" என்றார் அதிகாரி.

கூண்டுக்காரர் அப்பாக்காரரின் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார். கோப்போடு நின்ற என் காதில் விழுந்தது. "சார், நாலு இஞ்சு மரச்சட்டம் ஒண்ணு செஞ்சு வண்டில வச்சிருக்கேன். மேல்பலகைய கழட்டி நடுவுல வச்சு முடுக்கினா போதும், இருபது நிமிஷம். டைம் இருக்கு. பாப்பா மூஞ்சிய பாருங்க சார். வேற வீடு பாத்துக்கலாம் சார்."

அதற்காகத்தான் அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். மகள் அழுவதைக் கண்ணால் பார்த்தால் மனிதன் இளகிவிடுவான் என்று நம்பி, யாருக்கும் தெரியாமல் சட்டம் செய்து தார்ப்பாயில் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறார். அப்பாக்காரர் கையை உதறிக்கொண்டார். "உங்கள யாரு இதெல்லாம் செய்யச் சொன்னது? சொன்னத மட்டும் செய்யுங்க."

அந்தப் பெண் கூண்டுக்காரரிடம் வந்தாள். "அங்கிள், இருபத்தேழுன்னு நானும்தானே பாத்தேன்? அப்புறம் எப்படி இடிக்குது?"

அவர் வாய் திறப்பதற்குள் அப்பாக்காரர் முந்திக்கொண்டார். "ஒழுங்கா அளக்கத் தெரியாத ஆளுங்ககிட்ட வேலைய குடுத்தா இப்படித்தான். விடும்மா. அடுத்த மாசம் வேற கூண்டு செஞ்சு அனுப்புவாங்க." சொல்லும்போது குரலில் கோபம்கூட வரவழைத்துக்கொண்டார். அவர் மூஞ்சியில் காறித் துப்பாமல் நின்றதற்கு எனக்கு யாராவது விருது கொடுக்க வேண்டும்.

அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. "தப்பா அளந்துட்டீங்களா அங்கிள்?"

பத்தொன்பது வருடத்தில் ஒரு நூல் அளவு பிசகாத மனிதர் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா பாப்பா. என் தப்புதான்" என்றார்.

"உங்கள எவ்ளோ நம்பினேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அம்மா அவள் தோளைப் பிடித்து அழைத்துப் போனாள். அம்மாவுக்கு விஷயம் தெரியும் என்பது அவள் எங்களைப் பார்க்காமல் நடந்ததிலேயே தெரிந்தது. அப்பாக்காரர் மட்டும் இரண்டடி திரும்பி வந்து என்னிடம், "யாராவது நல்ல மனுஷங்களா பாத்து குடுத்துடுங்க" என்றார். நல்ல மனுஷங்களாம்.

திரும்பும்போது வண்டியில் நான் பொங்கினேன். "பழிய எதுக்குண்ணே தலையில போட்டுக்கிட்டீங்க? அந்த ஆளோட லட்சணத்த சொல்லியிருக்க வேண்டியதுதானே?"

"பத்து மணி நேரம் அந்தாளு பக்கத்துலதானே அந்தப் பொண்ணு உக்காந்து போகணும்" என்றார். "என்னைய திட்டிக்கிட்டே போகட்டும். பாப்பாவுக்கு அது லேசு."

பட்டறையில் இறக்கிக் கதவைத் திறந்தும் தடியன் வெளியே வரவில்லை. சட்டைமேல் முகத்தை வைத்துப் படுத்திருந்தான். அவனுக்குக் கதவைத் திறக்க வேண்டிய ஆள் இவர் இல்லையே. கூண்டுக்காரர் அவனை உள்ளே வைத்துக்கொண்டே மேல்பலகையைக் கழற்றி, அந்த நாலங்குலச் சட்டத்தை நடுவில் பொருத்தி முடுக்கினார். முதலாளி வந்து பார்த்துவிட்டு, "இப்ப எதுக்கு இந்த வேலை?" என்றார். கூண்டுக்காரர் கடைசித் திருகாணியை முடுக்கினார்.

அதற்குப் பிறகு தடியனை அவரே வீட்டுக்குக் கொண்டுபோனார். காலையில் கூடவே பட்டறைக்கு வருவான். யார் வண்டிச் சாவியை எடுத்தாலும் ஓடிப்போய் அந்தக் கூண்டுக்குள் படுத்துக்கொண்டு கதவைப் பார்ப்பான். கதவை அடைத்து வண்டியில் ஏற்றி ஒரு சுற்று போய்வந்தால்தான் அன்றைக்குச் சாப்பிடுவான். சுற்றி வந்து கதவைத் திறந்து கூண்டுக்காரர் முகத்தைக் காட்டும்போது அவன் காது ஒரு கணம் எழும்பி, அப்படியே மடங்கும். அதைப் பார்க்கப் பிடிக்காமல் நான் கணினிக்குள் தலையை விட்டுக்கொள்வேன்.

மூன்று வாரம் கழித்து அப்பாக்காரரிடமிருந்து என் போனுக்கு ஒரு செய்தி. 'பாப்பா உங்க நம்பருக்குப் பேசுவா. நாய் சந்தோஷமா இருக்கற மாதிரி ஒரு போட்டோ அனுப்பிடுங்க. பேப்பர் லேட்டாகுதுன்னு சொல்லிடுங்க. நன்றி.' நன்றிக்குப் பக்கத்தில் ஒரு பூ வேறு. போனைத் தொட்ட கையைக் கழுவிக்கொள்ளலாம் போலிருந்தது.

மதியம் புது எண்ணிலிருந்து குரல் பதிவு வந்தது. கூண்டுக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார், தடியன் கூண்டுக்குள் கிடந்தான். நான் அழுத்தினேன். "டேய் தடியா! சாப்பிட்டியாடா?"

தடியன் துள்ளி எழுந்தான். கழுத்து நீண்டது, காது இரண்டும் நட்டுக்கொண்டு நின்றன. அளவெடுத்த அன்றைக்கு அவள் எதிரே நின்றபோது இருந்த அதே உயரம். என் போனையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் படம் எடுத்துவிட்டேன்.

கூண்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "இத அனுப்பாதம்மா. காதுக்கு மேல மூணு இஞ்சு காலியா தெரியுது. விவரமான பொண்ணு, கண்டுபிடிச்சிடும்."

தெரிந்துதான் அனுப்பினேன்.

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. 'காதைத் தூக்கியிருக்கான். அப்பவும் இடிக்கலையே. இதே கூண்டுதானே? என் சட்டைகூட கிடக்கு. அன்னைக்கு ஏன் இடிச்சது?'

கூண்டுக்காரர் டீயைக் கீழே வைத்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். தடியன் இன்னும் உட்காரவில்லை, போன் மறுபடி பேசும் என்று நின்றுகொண்டிருந்தான். இருபத்தாறு என்று தட்டிய அதே விரலால் தட்டினேன்.

'அங்கிள் சரியாத்தான் அளந்தார் பாப்பா. மீதியை உங்க அப்பாவைக் கேளு.'