கன்சுகே கரைத்த மலை

கன்சுகேயை நினைத்தாலே எனக்குப் பல்லிடுக்கில் மணல் நறநறக்கிறது. பக்கத்து வீட்டுக்காரன்தான், கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவன் பிழைப்பைப் பார்த்துப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் மிச்சம்.

அறுவடை முடிந்ததும் மலைக்கு ஏறிவிடுவான். அங்கே இரும்பு உலைக்காரர்களுக்காக மலைச்சரிவைக் கொத்திக் கொத்தி வாய்க்காலில் தள்ளுவது வேலை. கனத்த இரும்பு மணல் அடியில் தங்கும். அதை அள்ளி உலைக்குக் கொண்டுபோவார்கள். மிச்ச மலை சேறாகக் கரைந்து எங்கள் ஊர் வழியாகப் போகும் ஹீ ஆற்றில் இறங்கும். நடுவில் கல்லறை இருந்தால் மட்டும் அந்த இடத்தைத் தொட மாட்டார்கள். சுற்றிலும் எல்லாம் போய், அது மட்டும் மொட்டைத் தூணாக நிற்கும். செத்தவர்களுக்கு அத்தனை மரியாதை! கீழே உயிரோடு இருந்த எங்களுக்கோ, மணல் சேர்ந்து ஆற்றுப் படுகை மேடேறி மேடேறி, ஆறு கூரை உயரத்துக்கு மேலே ஓடியது.

வசந்தம் வந்தால் அதே கன்சுகே கூடையோடு கரையை உயர்த்த வருவான். தான் தள்ளிய மணலைத் தானே அள்ளிப் போடுவான், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

"ஒரு குன்றையே காணாம ஆக்கிட்டோம்ல!" என்று பெருமை வேறு.

"எங்க காணாமப் போச்சு? இந்தா, உங்க சோத்துலதான் கெடக்கு. தின்னுங்க" என்பாள் அவன் மனைவி ஒதோயோ.

அந்த வருஷம் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் கரை கசிய ஆரம்பித்தது. கரையை ஒட்டித்தான் அவர்களுடைய ஒரே வயல்.

"இந்தக் குளிருக்கு எங்கயும் போகாதீங்க. கரையைக் கெட்டிப்படுத்துங்க. வயல் போச்சுன்னா நம்ம கதி என்ன?" என்றாள். அவனும் தலையாட்டினான்.

பிறகு உலைக்கு ஆள் பிடிப்பவன் சாக்கே என்ற அரிசிச் சாராய ஜாடியோடு வந்தான். "நீ ஒருத்தன் வரலேன்னா மலை கரையாம நின்னுடுமாய்யா?" என்று கேட்டான். கன்சுகேக்கு அது பெரிய நியாயமாகப் பட்டது, கிளம்பிவிட்டான். ஊரில் ஒவ்வொருத்தரும் அதையேதான் சொல்லிக்கொண்டு போனார்கள், என் வீட்டுக்காரர் உட்பட. தூ!

வசந்தம் முடிந்து வந்த மழைக்காலத்தில், நாற்று நட்டுக்கொண்டிருக்கும்போதே கரை உடைந்தது. கன்சுகேயின் வயலை ஆறு தன் பாதையாக்கிக்கொண்டு வீட்டோரமாகவே ஓடத் தொடங்கியது. ஒதோயோ அழவில்லை. நாற்றுக்கட்டைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

அதிகாரி வந்து பார்த்தார். மனுஷருக்கு ஒரே சந்தோஷம். "ஆறே புது வழி பார்த்துக்கிச்சு, நல்லதாப் போச்சு. பழைய படுகையை நிலம் போனவங்க பங்கு போட்டுக்குங்க" என்றார். கன்சுகே நெற்றி தரையில் படக் கும்பிட்டான். கிடைத்தது முழுக்க வெறும் மணல், அவனே மலையிலிருந்து இறக்கிய மணல்.

"இதுல என்னத்த நடுறது?" என்று கேட்டாள் ஒதோயோ.

"நல்ல மண்ணு கொண்டாந்து கொட்டினா வயலாயிரும்."

"அதுக்குக் கூலி?"

இலையுதிர் காலம் பிறந்ததும் வைக்கோல் செருப்பைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றான். "புது வயலுக்காகத்தான் மலைக்குப் போறேன்" என்றான்.

ஒதோயோ தடுக்கவில்லை.

"போங்க. நல்லாக் கொத்துங்க. முன்னெல்லாம் மணலை ஊருக்குப் பொதுவா அனுப்புனீங்க. இப்ப ஆறு நம்ம வாசல்லயே ஓடுது, நேரா வீட்டுக்கே வந்துரும்" என்றாள்.

அவன் சிரித்துக்கொண்டே நடந்தான். என் வீட்டுக்காரரும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவன் பின்னாலேயே போனார்.