நானா கொடுத்த வாக்கு

கண்டிக்குப் பக்கத்தில் அலவத்துகொடையில் இருக்கும் எங்கள் மசாலாத் தூள் கம்பெனிக்கு என் அண்ணன், அதாவது நானாவும் நானும் டைரக்டர்கள். தங்கச்சிக்குப் பங்கு மட்டும். கம்பெனியைப் பதியும்போதே நானா சொன்னார், "நீ சும்மா பேருக்கு ஈந்தா போதும்." நான் எந்தக் காலத்தில் சும்மா இருந்தேன்? என் வாய்க்குப் பயந்து உம்மாவே அடங்கிப் போவார்.

போன வருஷம் நானாவின் ஒரே மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்தோம். சம்பந்தி வீட்டு விருந்தில் ஆண்கள் சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும்போது, சந்தோஷம் தலைக்கேறி நானா சத்தமாகச் சொன்னார், "நம்மட வேன் மருமகனுக்குத்தான்!" திரைக்கு இந்தப் பக்கம் பெண்களோடு இருந்த நான் கையில் எடுத்த புரியாணியைச் சஹனிலேயே போட்டேன். எந்த வேன்? கம்பெனி பெயரில் இருக்கிற ஒரே வேன். கண்டிக் கடைகளுக்குத் தூள் போவதே அதில்தான். அது போனால் தூள் பொதி செய்ய வரும் பெண்களுக்கும் வேலை போகும்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கத்தினேன். "அது கம்பெனிட வேன் நானா! உங்கடயும் இல்ல, என்டயும் இல்ல. நான் கையெழுத்து வைக்க மாட்டேன்."

"சபையில வாய் உட்டுட்டேன் புள்ள. இனி எந்த மொகத்தோட அங்க போற?" என்றார். மகள் மீது உயிரையே வைத்திருக்கிற மனுஷன். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் இறங்கி வரவில்லை.

மறுநாள் நானாவே என்னையும் தங்கச்சியையும் கூட்டம் என்று அழைத்தார். கூட்டம் என்றால் வேறெங்கே, அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான். கம்பெனி செக்ரட்டரியிடம் போனில் விசாரித்திருக்கிறார்; சொந்த ஆசை உள்ளவர் விலகி நிற்க, மற்றப் பங்குக்காரர்கள்தான் முடிவெடுக்க வேண்டுமாம்.

"இதுல எனக்குச் சொந்த ஆசை ஒண்டு ஈக்கி. அத வெளிப்படையாச் செல்லிட்டன். நான் வெளியே நிக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவெடுங்க."

எழும்பிப் போய் முற்றத்தில் நின்றார்.

தங்கச்சி அழுதாள். "பாவம் நானா. குடுத்திருவோமே."

"குடுக்க ஏலாது. அந்தப் பொம்புளையள் நாளைக்கு என்ன செய்வாங்க?" என்றேன். அவள் மூக்கைச் சிந்திவிட்டுத் தலையாட்டினாள்.

நான்தான் போய்ச் சொன்னேன். "வேன் இல்ல நானா. சம்பந்தி வீட்டுக்கு நானே போய்ச் செல்லுறேன்."

சத்தம் போடுவார் என்று நினைத்தேன். அவரோ "அல்ஹம்துலில்லாஹ்" என்று பெருமூச்சு விட்டார்.

"எனக்கும் அந்த முடிவுதான் புள்ள. வாப்பாவா நிண்டு என்ட வாயால அதச் செல்ல ஏலாம ஈந்திச்சி. அதான் வெளியே வந்தேன்."

'கள்ள நானா, இதையும் என் தலையிலா கட்டினீங்க' என்று ஏசத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.