ஒன்பதாவது எழுத்து

சாத்தூர் பக்கம் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்த வெள்ளைச்சாமிக்கும் நாகம்மாளுக்கும் பிள்ளைகள் மூன்று. மூத்தவள் வாழ்க்கைப்பட்டுத் திருப்பூர் போனாள். கடைக்குட்டி ஊரோடு இருந்துகொண்டான். நடுவிலவன் ஜெகதீஷ்தான் டிப்ளமா முடித்த சூட்டோடு ஓசூர் பஸ் ஏறியவன். நாகம்மாளின் சித்தி மகன் ஒருத்தன் அங்கே வண்டிக் கம்பெனியில் இருந்தான். அவன் சொல்லிவிட்டு, சிப்காட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட்டில் மெயின்டனன்ஸ் வேலை கிடைத்தது. பெரிய கம்பெனிகளுக்கு இரும்புத் தகட்டை அழுத்தி வளைத்துக் கொடுக்கிற ஷெட் அது. இதெல்லாம் இரண்டாயிரத்து நாலாம் வருஷத்துச் சங்கதி.

தங்க இடம் கொடுத்தவள் ரங்கம்மா. அதே ஷெட்டில் தகடு அடுக்குகிறவள். வீட்டில் பேசுவது தெலுங்கு, வெளியே தமிழ், பாகலூர் சந்தைக்குப் போனால் கன்னடம். மாட்டுக் கொட்டகையை ஒட்டி ஒரு அறை கட்டி வைத்திருந்தாள். அதில் ஜெகதீஷ் குடியிருந்தான். அவன் குடிவந்த அன்றைக்கே, ஆணி அடிக்க இடம் தேடிச் சுவரில் இருந்த பொந்தைத் தடவப் போனவனை அதட்டினாள்.

"பொந்துல கை விடாத தம்பி! தேளு கீளு இருக்கப் போவுது."

அவன் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். அவன் ஊரில் அம்மா இதே வார்த்தையை வேறு மாதிரி சொல்வாள். அக்கா சடையைப் பிடித்து இழுத்தால், "கைய விடுடா" என்று போடுவாள் ஒரு போடு. பிடித்ததை விட்டுவிடு என்று அர்த்தம். ரங்கம்மா வாயில் அதே வார்த்தை உள்ளே நுழைப்பதற்கு. அன்றைக்கு அதை அவன் ஒரு வேடிக்கையாக நினைத்துக்கொண்டதோடு சரி.

அந்த வீட்டு வாசலுக்கு எதிர்வாசல் ரங்கம்மாவின் அக்கா வெள்ளையம்மாவுடையது. வெள்ளையம்மாவின் புருஷன் கோவிந்தன். புருஷனும் பெண்சாதியும் ஒரே பிரஸ்ஸில் வேலை பார்த்தவர்கள். ஒருவர் தகட்டை உள்ளே தள்ளவேண்டும், இன்னொருவர் காலால் பெடலை மிதிக்கவேண்டும். மிதித்தால் மேலேயிருந்து இரும்பு வந்து இறங்கும். எப்போது கையை எடுப்பது, எப்போது மிதிப்பது என்று சொல்ல மெஷினில் ஒரு பெட்டி மாட்டியிருந்தது. விரற்கடை உயரத்துக்கு ஒரு பச்சைத் திரை, அதில் ஆங்கில எழுத்து மின்னும். இரண்டு பேருக்கும் ஆங்கிலம் தெரியாது. மின்னினால் மிதி என்று பழகிவிட்டார்கள். ஒருநாள் முன்னால் மின்னவேண்டியது பின்னால் மின்னியதோ, இவள்தான் தகடு கோணிவிட்டதென்று திரும்பக் கையை வைத்தாளோ, வெள்ளையம்மாவின் வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. மிதித்த கால் கட்டின புருஷனுடையது. அதற்கப்புறம் கோவிந்தன் பேசுவதையே குறைத்துக்கொண்டான்.

அக்கா உட்கார்ந்த ஸ்டூலில் தங்கச்சியை உட்காரச் சொன்னார் சூப்பர்வைசர் நாராயணப்பன். ரங்கம்மா மாட்டேன் என்றுவிட்டாள்.

"அது இன்னா சொல்லுதுன்னே எனக்குத் தெரியாது. தமிழ்ல சொல்லச் சொல்லுங்க, உக்காருறேன்."

"மெஷினுக்கு எங்கம்மா தமிழ் தெரியும்? நீ ஒருத்தி!"

நாராயணப்பன் சிரித்தார். ஜெகதீஷ் சிரிக்கவில்லை. டிப்ளமாவில் சிப்புக்குப் புரோகிராம் எழுதக் கற்றிருந்தான். அந்தத் திரைக்கு ஆங்கில எழுத்தும் எண்ணும் பிறவியிலேயே தெரியும். மற்ற எழுத்து எதுவானாலும் நாமே புள்ளி வைத்து வரைந்து கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்ளும். ஒரு எழுத்துக்கு அகலத்தில் ஐந்து புள்ளி, உயரத்தில் எட்டுப் புள்ளி. எந்தப் புள்ளி எரியவேண்டும், எது அணையவேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும்.

சொல்லத்தான் சுலபம். ஆங்கில எழுத்து ஐந்து புள்ளிக்குள் சமர்த்தாக உட்கார்ந்துவிடும். தமிழ் எழுத்து சுழிந்து வளைந்து காலை நீட்டும். கட்டம் போட்ட தாளில் வரைவான், பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் வாங்கி வந்த பழைய திரை ஒன்றில் ஏற்றுவான், ரங்கம்மாவிடம் கொண்டுபோய் நீட்டுவான். அவள் அறிவொளி வகுப்பில் எழுத்துக் கூட்டப் படித்தவள். அவள் படித்தால்தான் செல்லும்.

"இது என்னக்கா, படிங்க."

"கம்பளிப் பூச்சி."

"யக்கா, அது 'கை'யில வர்ற கொம்பு!"

"கொம்பா? கொம்பு மொளச்ச கம்பளிப் பூச்சி, போ."

வெள்ளையம்மா எதிர்வாசலில் உட்கார்ந்து, மூன்று விரலால் அவரைக்காய் உரித்துக்கொண்டே சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. அந்தச் சிரிப்புக்காகவே அவன் திரும்பத் திரும்ப வரைந்தான் என்றாலும் தப்பில்லை.

கடைசியில் மூன்று சொல் தேறியது. தகடு போய்ச் சரியாக உட்கார்ந்ததும் 'கை எடு'. ஒரு மூச்சு விட்டு 'மிதி'. இரும்பு இறங்கி ஏறுகிறவரை 'நில்'. மூன்று சொல்லுக்கும் சேர்த்து அவன் வரைந்தவை எட்டு: 'எ' முதலாவது, பிறகு அந்தக் கொம்பு, க, டு, மி, தி, நி, ல். ரங்கம்மா கடகடவென்று படித்தாள். அதைப் பிரஸ்ஸின் பெட்டியில் ஏற்றி மாட்டினான். மறுநாளே அக்காவின் ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள். பெடலில் கோவிந்தன்தான். வேறு ஆள் போடுகிறேன் என்று நாராயணப்பன் சொல்லியும் கேட்கவில்லை, நானே நிற்கிறேன் என்றான்.

"தம்பி எழுதுனது, நான் படிக்கறேன்" என்று ஷெட் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள் ரங்கம்மா. மாங்காய்க் காலம் போய் மழைக்காலம் வந்தது. ஒரு கீறல் இல்லை.

அப்போதுதான் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. நாராயணப்பன் பிரஸ் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "இரும்பு மேல போன பின்னாடியும் இந்தம்மா யோசிச்சு யோசிச்சுத் தள்ளுது. தகடு உடுன்னு அதுவே சொன்னா பேக பேக, சீக்கிரம் ஆவும் இல்ல? ஒரு வார்த்த சேருப்பா" என்றார்.

நியாயம்தான் என்று பட்டது ஜெகதீஷுக்கு. 'விடு' என்று போட்டால் போதும். 'டு' ஏற்கெனவே இருக்கிறது, 'வி' ஒன்றுதான் புதிது. திரையோடு கொடுத்த தாளில் வரைந்த எழுத்துகளுக்கென்று பதினாறு வரிசை காட்டியிருந்தது. எட்டுதான் நிரம்பியிருக்கிறது, இன்னும் பாதி காலி என்று கணக்குப் போட்டான். சாப்பாட்டு நேரத்தில் ஒன்பதாவது எழுத்தை வரைந்து, 'நில்' முடிந்த பிறகு ஏறும்படி புரோகிராமின் கடைசியில் ஒட்டி, சிப்பில் ஏற்றி மாட்டிவிட்டான்.

"அக்கா, இன்னைக்குப் புதுசா ஒரு வார்த்த வரும். 'விடு'ன்னு. வந்தா தகட்ட உள்ள விடுங்க."

"சரி தம்பி."

முதல் தகடு போனது. 'கை எடு' என்றது. ரங்கம்மா எடுத்தாள். 'மிதி' என்றது, கோவிந்தன் மிதித்தான். 'நில்' என்றது. பிறகு புதுச் சொல் வந்தது: 'விடு'. ரங்கம்மா பல் தெரியச் சிரித்துக்கொண்டு இரண்டாவது தகட்டைத் தள்ளினாள். ஜெகதீஷ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு திரும்பப் போனவன், கடைக்கண்ணில் திரையைப் பார்த்தான்.

'கை விடு' என்று இருந்தது.

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவன் அப்படி ஒரு சொல்லை எழுதவே இல்லை. முதல் தடவை 'எ' நின்ற இடத்தில் இப்போது 'வி' நிற்கிறது. யாரும் தொடவில்லை. நாராயணப்பனும் பார்த்துவிட்டார்.

"என்னப்பா மாறிப்போச்சு? நிறுத்தணுமா? லாரி நிக்குது."

அந்த நேரத்தில் ஜெகதீஷின் நாக்கில் அவன் அம்மாதான் இருந்தாள். "எடுன்னாலும் விடுன்னாலும் ஒண்ணுதாம்ணே. டீ டயத்துல சரி பண்ணிருதேன்" என்றான். சொல்லி வாய் மூடவில்லை.

"கை… வி…டு" என்று ரங்கம்மா எழுத்துக் கூட்டினாள். தகட்டை விட்ட மாதிரியே, தகடு சரியாக உட்காரவில்லை போல என்று, கையை மணிக்கட்டு வரை உள்ளே விட்டாள்.

திரையில் 'மிதி' என்று வந்தது.

ஜெகதீஷுக்குக் கத்தவேண்டும் என்று தெரிகிறது. அதற்குள் நாராயணப்பன் லாரியைப் பார்த்துக்கொண்டே, "மிதிப்பா கோவிந்தா!" என்றார். கோவிந்தனின் கால் பெடலுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. நின்றது நின்றதுதான். கால் இறங்கவில்லை.

"கைய எடு ரங்கா" என்றான். ஷெட்டில் யாரும் கேட்டிராத குரல் அது.

அவள் எடுத்தாள். எடுத்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஜெகதீஷைப் பார்த்தாள். "நீதான் தம்பி விடச் சொன்ன" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவள் கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

நாராயணப்பன் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, கம்பத்தில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். லாரிக்காரன் ஆரன் அடித்துக்கொண்டிருந்தான். ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை.

"மிதின்னு வந்துச்சே மாமா, எப்படி நிறுத்துன?" என்று ரங்கம்மாதான் கேட்டாள்.

"அது இன்னா எழுதுதோ, நான் பாக்கறதில்ல" என்றான் கோவிந்தன். "உங்கக்காவுக்கு அப்புறம் நான் கைய மட்டும்தான் பாப்பேன்."

மாதக்கணக்காக அந்த எழுத்துத்தான் காவல் என்று ஜெகதீஷ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான். காவல் வேறெங்கோ இருந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் களி உருண்டை தட்டில் ஆறிக் கிடந்தது. வெள்ளையம்மா எதிரே வந்து குந்தினாள்.

"எடுன்னு எழுதுனியா, விடுன்னு எழுதுனியா?"

"எடுன்னுதாங்க்கா எழுதுனேன். சத்தியமா."

"அப்போ யாரு மாத்துனது?"

வீட்டில் இருந்த பழைய திரையை எடுத்துவந்து அவள் முன்னாலேயே மாட்டினான். 'கை எடு' வந்தது. 'வி'யை ஏற்றினான். திரையில் நின்றுகொண்டிருந்த 'எ', இருவரும் பார்த்துக்கொண்டிருக்க, இருந்த இடத்திலேயே 'வி' ஆனது. வெள்ளையம்மா ஐயோ என்று பின்னுக்கு நகர்ந்தாள். அவன், திரையோடு வந்த அந்தத் தாளை எடுத்து விளக்கடியில் வைத்துப் படித்தான். பதினாறு வரிசைதான். ஆனால் ஒன்றிலிருந்து எட்டு வரை எண் போட்டு, கீழே மறுபடியும் ஒன்றிலிருந்து எட்டு என்று போட்டிருந்தது. ஒரே எட்டு வீட்டுக்கு இரண்டு வாசல் மாதிரி. வாசலை எண்ணியிருந்தான், வீட்டை எண்ணவில்லை.

"எட்டுக்கு மேல அதுக்கு எடமில்லக்கா. ஒம்பதாவதா ஒண்ண வச்சா, மொத எழுத்த அழிச்சிட்டு அங்க போய் உக்காந்துக்கிடுது."

"சொல்லாமலயா?"

"சொல்லாமத்தான்."

வெள்ளையம்மா தன் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, அந்தத் திரையையே பார்த்தாள். "பாவி" என்றாள். திரையைச் சொன்னாளா, அவனைச் சொன்னாளா, அவனுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

மறுநாள் புரோகிராமை மாற்றினான். எந்தச் சொல் வருகிறதோ, அதற்கு வேண்டிய எழுத்துகளை ஒவ்வொரு தடவையும் புதிதாக ஏற்றிவிட்டுத்தான் சொல்லைக் காட்டவேண்டும் என்று எழுதினான். 'விடு'வை எடுத்துவிட்டு 'தள்ளு' என்று போட்டான். இரண்டு ஊருக்கும் ஒரே அர்த்தமுள்ள சொல்லா என்று ரங்கம்மாவிடமும் அம்மாவுக்குப் போன் போட்டும் கேட்டான். நாகம்மாளுக்கு ஒன்றும் புரியாமல், "உனக்கு உடம்புக்குச் சொகமில்லையாய்யா?" என்றாள்.

மாட்டி முடித்ததும் ரங்கம்மா ஸ்டூலுக்கு அருகில் வந்தாள், உட்காரவில்லை.

"நீ உக்காரு தம்பி."

"நானா?"

"நீதான எழுதுன? நான் படிக்கறேன். நீ கை வை."

நாராயணப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ரங்கம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். ஜெகதீஷ் உட்கார்ந்தான். தகட்டை எடுத்தான்; உள்ளங்கை வியர்வையில் தகடு வழுக்கியது. மேலே அந்த இரும்பு எவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் பார்த்தான். அத்தனை மாதம் அதைப் பக்கவாட்டிலிருந்தே பார்த்திருக்கிறான், கீழேயிருந்து பார்த்ததில்லை.

"தள்…ளு" என்றாள் ரங்கம்மா, அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து.

தள்ளினான்.

"கை… எ…டு."

அந்த 'எ' இன்னும் 'எ'யாகவே இருக்கிறதா என்று அவன் திரையை அண்ணாந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டான், கையை எடுக்க மறந்துபோனான். 'மிதி' வந்தது. திடுக்கிட்டுக் குனிந்து பெடல் பக்கம் பார்த்தான். கோவிந்தன் திரையைப் பார்க்கவில்லை, ஜெகதீஷின் முகத்தையும் பார்க்கவில்லை. காலைத் தூக்கிப் பிடித்தபடி, உள்ளே கிடந்த அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எடுப்பா" என்றான் கோவிந்தன். "நான் நிக்கறேன்."