மோங்கோ தம்பதி இருந்த வீடு

தலத்தெருவில் வீடு வாடகைக்கு என்று கேள்விப்பட்டுப் போனேன். வீட்டுக்காரர் நெடுநெடுவென்று, எங்கோ கிளம்புகிறவர் போல இஸ்திரிச் சட்டையில் இருந்தார். மனைவி போனபின் தனியாள். கூடத்துச் சுவரில் பிரெஞ்சுக்காரன் காலத்துப் புகைப்படம் ஒன்று, சட்டம் போட்டு மாட்டியிருந்தது. ஓர் ஆப்பிரிக்கக் கணவன் மனைவி. கீழே பிரெஞ்சில் 'மோங்கோ தம்பதி' என்று மட்டும் இருந்தது, பெயர் இல்லை.

"மோங்கோங்கிறது காங்கோ நாட்டு இனம்," என்று என் படிப்பைக் காட்டினேன்.

"இருக்கலாங்க. பத்து வருசமா இங்கதான் இருக்காங்க," என்றார், துண்டால் படத்தின் கண்ணாடியைத் துடைத்தபடி. "சட்டத்துக்காகத்தான் பழைய சாமான் கடையில வாங்குனேன். எங்க கல்யாணப் படத்தைப் போடலாம்னு. பிரிச்சப்ப ரெண்டு பேரும் என்னையே பாத்தாங்க. எங்க போகச் சொல்றது?"

"அப்ப கல்யாணப் படம்?"

"பீரோவுல இருக்கு. அவள நெனைக்க நான் இருக்கேன்ல. இவங்களுக்கு யாரு?"

பிரான்சில் இருக்கும் மகள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாளாம். "அடுத்த மாசம் பொறப்படணும். படத்தைக் கழட்ட மாட்டேன்னு மட்டும் சொல்லுங்க, வீடு உங்களுக்குத்தான்."

நானோ அந்தச் சுவரில் என் டிவியை மனதுக்குள் மாட்டி முடித்திருந்தேன். "யோசிச்சுச் சொல்றேங்க," என்றேன்.

அவர் படத்தின் பக்கம் திரும்பி, "யோசிச்சுச் சொல்றாராம்," என்றார்.

நான் திரும்பப் போகவில்லை. வீடு பார்க்கப் போன இடங்களில் இந்தப் பொய்யைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒரே சமயத்தில் மூன்று பேரிடம் சொன்னது அன்றுதான்.