நனைய விட்ட லோடு

கற்பகவல்லியை நான் ஒருநாளும் நம்பியதில்லை. எம். புதுப்பட்டியில் எங்கள் பட்டாசு கம்பெனிக்கு அவள்தான் போர்மேன். அதட்டியே வேலை வாங்கியவள் திடீரென்று சாந்தமாகிவிட்டால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

போன சீசனில் ஒருநாள் தூறல் விழுந்தது. களத்தில் மருந்து அடைத்த பூச்சட்டி வெடிகள் தட்டுத் தட்டாகக் காய்ந்துகொண்டிருந்தன. "ஓடுங்க, சீக்கிரம் அள்ளுங்க!" என்று கற்பகவல்லி கத்தினாள். எங்களோடு ஓடிய வெள்ளைத்தாய் தட்டோடு விழுந்தாள். உரசலில் தீப்பற்றி அவள் வலது கை வெந்துபோனது.

"அவ மேல தப்பில்ல, நாந்தான் வெரட்டுனேன்" என்று முதலாளி மாரிசாமியிடம் கற்பகவல்லியே போய்ச் சொன்னாள். முந்திக்கொண்டு ஒத்துக்கொண்டால் வேலை தப்பும் என்று கணக்குப் போடுகிறாள் என்றேன் நான். பிறகு ஞாயிறுதோறும் வெள்ளைத்தாய் வீட்டுக்குப் போனாள். வழக்கு வராமல் வாயை அடைக்கத்தானே? வெள்ளைத்தாயிடமே கேட்டேன்.

"அட போங்க முருகேஸ்வரி மதினி. எங்கன கால் வழுக்குச்சு, தட்டு எம்புட்டுக் கனம், என்ன நெனச்சு ஓடுனன்னு திரும்பத் திரும்பக் கேக்கா. எனக்கே சலிச்சுப்போச்சு."

அப்புறம் புதுச் சட்டம் போட்டாள். மழை வந்தால் தட்டைத் தொடக்கூடாது, கேட்டுக்கு வெளியே நடந்து போய்விட வேண்டும். லோடு நனைந்தால் எங்கள் கூலியும் அல்லவா போகும்! பக்கத்துக் கம்பெனிக்காரனிடம் கை நீட்டிக் காசு வாங்கிவிட்டாள் என்று, வேலைக்குப் போகும் வேன் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

இந்தப் புரட்டாசியில், தீபாவளி ஆர்டர் கழுத்தை நெரிக்கும் நேரத்தில், வானம் கறுத்தது. மாரிசாமியே களத்துக்கு ஓடிவந்தார்.

"அள்ளுங்கம்மா, அள்ளுங்க!"

கற்பகவல்லி குறுக்கே நின்றாள். "யாரும் தொடாதீக. மொதலாளி, நீங்களும் வெளிய வாங்க."

"அள்ளுனா தீப்பிடிக்கும்னு ஒனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியாது மொதலாளி. அன்னைக்கும் தெரியாமத்தான் ஓடச் சொன்னேன்."

லேபிள் ஒட்டும் வேலைக்குத் திரும்பியிருந்த வெள்ளைத்தாய் முதலில் நடந்தாள். முணுமுணுத்துக்கொண்டே நாங்களும் போனோம். மழை கொட்டியது. எதுவும் வெடிக்கவில்லை. லோடு மொத்தமும் வீணாய்ப் போனது. அன்றைக்கே கற்பகவல்லிக்குக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார் முதலாளி. கூலி போன வயிற்றெரிச்சலில் எனக்கு அது சரியென்றே பட்டது.

அடுத்த வாரம் அய்யாதுரை என்றொருவன் போர்மேனாக வந்தான். நல்ல சிரித்த முகம். மறுபடி தூறல் விழுந்தது.

"ஒண்ணும் ஆகாதுக்கா, சட்டுனு அள்ளுங்க" என்றான்.

தட்டில் கை வைத்துவிட்டேன். அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன்.

"நிச்சயமாத் தெரியுமாலே?"

அவன் வானத்தைப் பார்த்தான். தட்டை அப்படியே விட்டுவிட்டு நான் கேட்டைப் பார்த்து நடந்தேன். பின்னால் எல்லோரும் வந்தார்கள்.